பழைய மனக்காயமும் பேனிக் அட்டாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்து, வன்முறை, பாலியல் அத்துமீறல், போர், கண்ணெதிரே நடந்த மரணம், சிறுவயதில் வீட்டுக்குள் பட்ட அடி உதை. இவற்றைக் கடந்து வந்தவர்களில் சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழிந்த பிறகு பேனிக் அட்டாக், அதாவது திடீரெனக் கிளம்பும் கடும் பயம், தொடங்குகிறது. "அதெல்லாம் முடிந்துபோன விஷயம், இப்போது ஏன்?" என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. அதற்கும் அதையொட்டி எழும் கேள்விகளுக்கும் பதில் கீழே.

பதற்றமும் பேனிக் அட்டாக்கும் ஒன்றுதானா?

இல்லை. பதற்றம் மெல்ல ஏறி மணிக்கணக்கில் நீடிக்கும். பேனிக் அட்டாக் திடீரென எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் வந்துவிடும், 20 முதல் 30 நிமிடத்தில் தணியத் தொடங்கும். அதன் பிறகு வரும் அசதி மட்டும் நாள் முழுக்க இருக்கலாம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு இதற்கு 13 அறிகுறிகளைச் சொல்கிறது: நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பது போன்ற உணர்வு, நெஞ்சுவலி, குமட்டல், தலைசுற்றல், குளிர் அல்லது உடல் காந்தல், விரல்களிலும் உதட்டிலும் மரமரப்பு, சுற்றியிருப்பது எதுவும் நிஜமில்லாதது போலத் தோன்றுவது, கட்டுப்பாட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம், செத்துவிடுவோமோ என்ற பயம். இவற்றில் நான்கோ அதற்கு மேலோ ஒன்றாக, வேகமாக எழுந்தால் அது பேனிக் அட்டாக்.

எப்போதோ நடந்ததற்கு உடம்பு இப்போது ஏன் இப்படி ஆடுகிறது?

ஆபத்து நேரும்போது மூளையின் அமிக்டலா என்ற பகுதி அந்த நொடியின் வாசனை, சத்தம், வெளிச்சம், உடல் உணர்வு எல்லாவற்றையும் "இது ஆபத்து" என்று பதிந்துகொள்கிறது. எது எங்கே, எப்போது நடந்தது என்று வகைப்படுத்த உதவுவது மூளையின் இன்னொரு பகுதியான ஹிப்போகாம்பஸ். கடுமையான பயத்தின்போது அந்த வேலை குலைகிறது. அதனால் பயம் ஆழமாகப் பதிகிறது, ஆனால் "இது அந்த நாளோடு முடிந்தது" என்ற குறிப்பு சரியாக ஒட்டுவதில்லை. பின்னாளில் அதே வாசனையோ குரலோ எதிர்ப்பட்டால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் சிந்திக்கும் பகுதி நிலைமையைப் புரிந்துகொள்வதற்கு முன்பே உடம்பு ஓடவோ சண்டையிடவோ தயாராகிவிடுகிறது.

இதுவரை பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி இருக்கிறது. பேனிக் அட்டாக்கைப் புரிந்துகொள்ள அதுதான் மிக முக்கியம் என்பது எங்கள் கருத்து. சம்பவத்தின்போது உங்கள் இதயம் அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, வியர்த்தது. வெளியே இருந்தவற்றோடு இந்த உணர்வுகளும் ஆபத்தின் அடையாளமாகப் பதிந்துவிட்டன. சூடுகண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இங்கே அந்த அடுப்பு உடம்புக்குள்ளேயே இருக்கிறது, விட்டு விலகிப் போக இடமில்லை. மாடிப்படி ஏறினால் இதயம் வேகமாகத் துடிக்கும். காபி குடித்தாலும், பசித்தாலும், காய்ச்சல் வந்தாலும், கோபப்பட்டாலும் துடிக்கும். அந்தத் துடிப்பே போதும், பழைய அபாய எச்சரிக்கை கிளம்பிவிடும்.

அதற்கு மேல் ஒரு சுழலும் சேர்கிறது. உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கிய சுழல் இது. உடலில் ஓர் உணர்வு எழுகிறது. "மாரடைப்பு வருகிறது" என்றோ "பைத்தியம் பிடிக்கிறது" என்றோ மனம் அதற்கு அர்த்தம் சொல்கிறது. பயம் கூடுகிறது. பயம் கூடியதால் அட்ரினலின் இன்னும் சுரக்கிறது, உணர்வு பலமாகிறது, "பார், உண்மைதான்" என்று மனம் உறுதி செய்துகொள்கிறது. ஏற்கெனவே உயிராபத்தை அனுபவித்தவருக்கு இந்த விளக்கம் மற்றவர்களைவிட நம்பும்படியாக இருக்கும். ஒருமுறை நிஜமாகவே நடந்திருக்கிறதே.

எந்தக் காரணமும் இல்லாமல்தான் எனக்கு வருகிறது. தூண்டுதல் இருந்தால் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. வெளியில் தேடுகிறோம், அது உள்ளே இருக்கும். அல்லது மிகச் சிறியதாக இருக்கும்: ஒருவகைச் சவரத் தைலத்தின் வாசனை, பின்னாலிருந்து வரும் காலடி, ஒரு குறிப்பிட்ட மாதத்தின் சாய்ந்த வெயில். சம்பவம் நடந்த தேதி நெருங்கும்போது, மனம் நினைக்காவிட்டாலும், பலருக்கு உடம்பு கலவரப்படும்.

இரண்டு மூன்று வாரம் குறிப்பு எழுதிப் பாருங்கள். அட்டாக் தணிந்த பிறகு சில வரிகளே போதும்: நாள், நேரம், இடம், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன செய்தீர்கள், யார் இருந்தார்கள், உடம்பில் முதலில் தெரிந்த உணர்வு எது, அந்த நொடியில் ஓடிய எண்ணம், முந்தைய இரவுத் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், காபி அல்லது தேநீர், மாதவிடாய் நாள். "முதலில் தெரிந்த உணர்வு" என்ற வரிதான் பல நேரம் முடிச்சை அவிழ்க்கும். அட்டாக் வராத நேரத்தில் நாடியைப் பிடித்துப் பார்ப்பதும், கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருப்பதும் இதில் சேராது. அவை சுழலுக்குத் தீனி போடும்.

பழைய காட்சி கண்முன் வருவதும் பேனிக் அட்டாக்கும் வேறு வேறா?

வேறுதான், ஆனால் ஒன்றையொன்று இழுத்து வரும். ஃப்ளாஷ்பேக்கில் நீங்கள் "அங்கே" இருக்கிறீர்கள். நடந்தது மறுபடி நடக்கிறது. பேனிக் அட்டாக்கில் நீங்கள் "இங்கே"தான் இருக்கிறீர்கள். பயமெல்லாம் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. பிரித்தறிய ஒரு காரணம் உண்டு. முதலாவதற்கு இன்றைய தேதியும் இடமும் நினைவுக்கு வருவது உதவும். இரண்டாவதற்கு, உணர்வோடு சண்டை போடாமல் அது ஏறி இறங்க விடுவது உதவும்.

மனக்காயம் பட்ட எல்லோருக்கும் இது வருமா? பேனிக் அட்டாக் வந்தால் பின்னால் ஏதோ மனக்காயம் இருந்தே தீருமா?

இரண்டுக்கும் பதில், இல்லை. கொடுமையான அனுபவங்களைச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் நீடித்த நோய்க்கு ஆளாவதில்லை. மறுபக்கம், பரம்பரை, தொடர்ந்த மனஅழுத்தம், தைராய்டு, அளவுக்கு மீறிய காபி, மதுவை நிறுத்துவது என்று வேறு காரணங்களாலும் பேனிக் அட்டாக் வருகிறது.

ஆகவே, நினைவில் இல்லாத ஒன்றைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். "உங்களுக்குச் சிறுவயதில் ஏதோ நடந்திருக்கிறது, மறந்துவிட்டீர்கள்" என்று அடித்துச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நினைவு வளையக்கூடியது; திரும்பத் திரும்பத் தூண்டினால் நடக்காததும் நடந்ததுபோலத் தோன்ற ஆரம்பிக்கும். நினைவில் இருப்பதை வைத்தே சிகிச்சை செய்யலாம்.

என்னுடையது அப்படியொன்றும் பெரிய சம்பவம் இல்லையே?

ஒற்றைப் பெரிய சம்பவம் மட்டும்தான் காயப்படுத்தும் என்றில்லை. குழந்தைப் பருவத் துன்ப அனுபவங்களை ஆராய்ந்து 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அடி, அவமானம், வீட்டுக்குள் வன்முறை போன்றவை எத்தனை வகையாகச் சேர்கின்றனவோ அந்த அளவுக்குப் பிற்கால உடல், மன நோய்களின் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. மற்றவர் பட்டதோடு ஒப்பிட்டு உங்களுடையதைக் குறைக்க வேண்டியதில்லை. உடம்பு அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

இது மாரடைப்பு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

முதல்முறை வரும்போது நீங்களாக உறுதி செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். மருத்துவமனைக்குப் போங்கள். இசிஜி, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச் ஆகியவை வழக்கமாகப் பார்க்கப்படும். ஆஸ்துமா, இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பின் சில வகைகள் இதைப் போலவே தோன்றும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரும் மூக்கடைப்பு மாத்திரைகளும்கூடப் படபடப்பைத் தரும். எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பேனிக் அட்டாக் என்று உறுதியானவர்களும் இவற்றில் ஒன்று தெரிந்தால் உடனே போக வேண்டும்: கைக்கோ தாடைக்கோ பரவும் அழுத்தமான நெஞ்சுவலி, உழைக்கும்போது கூடி ஓய்வில் குறையும் வலி, நிஜமாகவே மயங்கி விழுவது, ஒரு கால் வீக்கத்தோடு வரும் மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒருபக்கம் வலுவிழப்பது. பேனிக் அட்டாக்கில் மயங்குவதுபோலத் தோன்றுமே தவிர, மயங்குவது அரிது. மயக்கத்துக்கு இரத்த அழுத்தம் விழ வேண்டும், அட்டாக்கிலோ அது பெரும்பாலும் ஏறுகிறது.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால், அதையே மாதந்தோறும் திரும்பச் செய்துகொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் ஆறுதல் சில நாளில் கரைந்துவிடும். சந்தேகம் மட்டும் வளரும்.

வந்துகொண்டிருக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் பெயர் சொல்லுங்கள்: "இது பேனிக் அட்டாக். ஏறும், இறங்கும்." பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதங்கள் தரையில் பதிவதை உணருங்கள். சுவரிலோ நாற்காலியிலோ முதுகு படட்டும். இன்றைய தேதி, கிழமை, இருக்கும் இடம், உங்கள் இப்போதைய வயது ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனக்காயம் உள்ளவர்களுக்கு வயதைச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. அன்று எட்டு வயது, இன்று முப்பத்தைந்து என்ற வேறுபாடு உடனே உறைக்கும்.

அடுத்து மூச்சு. ஆழமாக இழுக்கக் கூடாது. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். பயத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு விடுகிறோம். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது, விரல் மரத்து மடங்கிக்கொள்கிறது. இந்த நேரத்தில் "நல்லா இழுத்து விடு" என்றால் இன்னும் மோசமாகும். மூக்கு வழியாக, சாதாரண அளவில், 4 விநாடி உள்ளே. 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம். காரணம் இதயத்திலோ நுரையீரலிலோ இருந்தால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகும்.

இருக்கும் இடத்தை விட்டு உடனே ஓடாமல் இருக்க முடிந்தால் இருங்கள். உச்சம் தாண்டிய பிறகு கிளம்புங்கள். உச்சத்தில் ஓடினால் "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை கற்றுக்கொள்ளும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

மூச்சுப் பயிற்சியே எனக்குப் பயத்தைக் கிளப்புகிறது. ஏன்?

கழுத்து நெரிக்கப்பட்டவர்கள், நீரில் மூழ்கியவர்கள், வாய் பொத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு மூச்சைக் கவனிப்பதே தூண்டுதலாகலாம். கண்ணை மூடி அசையாமல் படுப்பதும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அப்படித்தான். தளர்வுப் பயிற்சியின் நடுவில் அட்டாக் வருவதும் உண்டு. நீங்கள் தவறாகச் செய்ததால் அல்ல. மூச்சை விட்டுவிட்டு வெளியே கவனம் செலுத்துங்கள்: கண்ணில் படும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று, முகரும் இரண்டு, சுவைக்கும் ஒன்று. குளிர்ந்த நீரில் கையை வைப்பதும், மெதுவாக நடந்தபடி அடிகளை எண்ணுவதும் நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். இவை இந்த நேரத்துக்கும் இடத்துக்கும் திரும்பி வருவதற்கான வழிகள். "இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன்" என்று செய்ய ஆரம்பித்தால், தண்ணீர்ப் புட்டி இல்லாமல் வெளியே போகாதது போல, இதுவும் ஒரு ஊன்றுகோலாகிவிடும்.

தூக்கத்தில் அலறி எழுகிறேன். கெட்ட கனவும் வரவில்லை.

இரவுநேரப் பேனிக் அட்டாக்காக இருக்கலாம். தூங்கிய முதல் சில மணி நேரத்தில், கனவு அதிகம் இல்லாத தூக்கநிலையில் வருவது அதன் இயல்பு. மனக்காயக் கனவு பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் வரும், காட்சியும் நினைவிருக்கும். பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறி எழுந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சம்பவம் நடந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. உடனே சிகிச்சை வேண்டுமா?

முதல் மாதத்தில் தூக்கமின்மை, திடுக்கிடல், அட்டாக் எல்லாம் பலருக்கு வந்து தானாகக் குறையும். உணவு, தூக்கம், நம்பிக்கையான துணை, அன்றாட வேலைக்கு மெல்லத் திரும்புவது ஆகியவை போதும். நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் சொல்லி வற்புறுத்தும் முறையைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அது கெடுதலே செய்யலாம். ஒரு மாதம் தாண்டியும் நினைவுகள் துரத்தினால், தவிர்ப்பு கூடினால், எப்போதும் உஷாராகவே இருந்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறா, அதாவது பிடிஎஸ்டியா, என்று மனநல மருத்துவரிடம் பாருங்கள். தாங்கவே முடியவில்லை என்றால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தச் சிகிச்சை? பேனிக்குக்கா, மனக்காயத்துக்கா?

எது எதைத் தூண்டுகிறது என்பதைப் பொறுத்தது. சம்பவத்தை நினைவூட்டும் இடங்களில் மட்டும் அட்டாக் வந்தால், மனக்காயச் சிகிச்சையிலேயே அதுவும் குறையும். திடீர் திடீரென வந்து, ஒரு மாதத்துக்கு மேலாக "அடுத்தது எப்போதோ" என்ற பயத்தில் வாழ்க்கையே சுருங்கியிருந்தால், அது பேனிக் கோளாறு. அதற்குத் தனிக் கவனம் தேவை. இரண்டும் இருப்பவருக்கு ஒன்றை மட்டும் பார்த்தால் பாதியில் நின்றுபோகும். நினைவைப் பேசத் தொடங்கும்போது உடல் உணர்வு கிளம்புகிறது, அந்த உணர்வுக்குப் பயந்து சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். இதனால்தான் சில அமர்வுகளை உடல் உணர்வுக்கென்று முதலில் ஒதுக்குவது நல்லது.

அந்தப் பயிற்சி இப்படி இருக்கும். சிகிச்சையாளர் முன்னிலையில், பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழைப்பது: நின்ற இடத்தில் 1 நிமிடம் ஓடுவது (படபடப்பு), சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுவது (தலைசுற்றல்), 1 நிமிடம் வேகமாக மூச்சு விடுவது (மரமரப்பு), மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக 1 முதல் 2 நிமிடம் மூச்சு விடுவது (திணறல்). ஒவ்வொன்றுக்கும் பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு, அது பாதியாகும்வரை திரும்பச் செய்வார்கள். எளிதானதிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சுத் தொடர்பான காயம் உள்ளவருக்கு உறிஞ்சுகுழல் கடைசியில்தான். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவர் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. பாதியில் பயந்து நிறுத்துவதும், செய்யும்போது பாதுகாப்புக்கு மாத்திரையைக் கையில் பிடித்திருப்பதும்தான் பலன் கிடைக்காமல் போவதற்கு வழக்கமான காரணங்கள்.

மனக்காயத்துக்கு நன்கு சோதிக்கப்பட்டவை மூன்று. தவிர்த்துவரும் நினைவையும் இடங்களையும் படிப்படியாகச் சந்திக்க வைக்கும், எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை, வழக்கமாக 90 நிமிட அமர்வுகளாக 8 முதல் 15. பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை, சுமார் 12 அமர்வுகள். "என் தவறுதான்" போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பது இதன் மையம். ஃபிரான்சின் ஷபிரோ 1980-களின் இறுதியில் அறிமுகப்படுத்திய, கண் அசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் அட்டாக் சற்றுக் கூடலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதியில் விட மாட்டீர்கள்.

நடந்ததை எல்லாம் விவரமாகச் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டாம். அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சையைச் சம்பவத்தின் விவரங்களுக்குள் போகாமலும் செய்யலாம். இஎம்டிஆரில் அதிகம் பேச வேண்டியதில்லை. உடல் உணர்வுப் பயிற்சிக்குப் பழைய கதையே தேவையில்லை. எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. இதை முதல் அமர்விலேயே பேசிக்கொள்ளுங்கள். வெட்கத்தாலோ பயத்தாலோ சிகிச்சைக்கே போகாமல் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

மாத்திரை உதவுமா?

உதவும். செர்ட்ராலின், பராக்சிடின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனச்சோர்வு எதிர்ப்பு வகை மருந்துகள் பேனிக் கோளாறு, பிடிஎஸ்டி இரண்டுக்கும் பயன்படுகின்றன. செர்ட்ராலினை இந்த நோய்களுக்கு வழக்கமாக 25 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரத்துக்குப் பின் 50 மி.கி. ஆக்குவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு கூடலாம். பலரும் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள், அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

அல்பிரசோலம், குளோனாசெபம் வகை வேகமாகப் பயத்தை அடக்கும். ஆனால் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியது; பயத்தை எதிர்கொண்டு கற்றுக்கொள்வதையும் தடுக்கும். அதிர்ச்சிச் சம்பவத்துக்குப் பிந்தைய முதல் மாதத்தில் மனஅழுத்த அறிகுறிகளுக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நாள்தோறும் எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆபத்து இன்னும் தொடர்கிறது. அடிப்பவரோடுதான் வாழ்கிறேன்.

அப்படியானால் உங்கள் பயம் சரியாகவே வேலை செய்கிறது. அதை அடக்கப் பயிற்சி எடுப்பது முதல் வேலை அல்ல; பாதுகாப்பான இடம், நம்பக்கூடிய ஒருவர், ஆவணங்களும் பணமும் எடுத்துவைப்பது, சட்ட உதவி ஆகியவைதான் முதலில். எதிர்கொள்ளல் பயிற்சியைப் பாதுகாப்பு ஏற்பாடானபின் தொடங்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ உடனே நாடுங்கள்.

பக்கத்தில் ஒருவருக்கு வந்தால் நான் என்ன செய்யலாம்?

கேட்காமல் தொடாதீர்கள். பின்னாலிருந்து அணுகாதீர்கள். வாசலை மறித்து நிற்காதீர்கள். கூட்டம் சேர விடாதீர்கள். தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களாக: "நான் இங்கேதான் இருக்கிறேன். இது தணிந்துவிடும். கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா?" என்ன நடந்தது என்று அப்போது கேட்க வேண்டாம். "ஒன்றும் இல்லை, சும்மா இரு" என்பதைத் தவிருங்கள்.

குணமான பிறகு திரும்ப வருமா?

வரலாம். பயத்தைக் கற்ற நினைவு அழிவதில்லை. அதற்கு மேல் புதிய கற்றல் அமர்கிறது. தூக்கம் கெட்டிருக்கும்போது, நோய்வாய்ப்படும்போது, பிரசவத்துக்குப் பின், நீதிமன்ற விசாரணை நெருங்கும்போது, அதே மாதிரியான செய்தியைப் பார்க்கும்போது ஓர் அட்டாக் எட்டிப் பார்க்கலாம். ஒன்று வந்தால் நோயே திரும்பிவிட்டதாக அர்த்தம் இல்லை. அன்று வந்த இடத்தைத் தவிர்க்கத் தொடங்குகிறீர்களா என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்த ஓரிரு நாளில் அதே இடத்துக்கு மறுபடி போங்கள். கற்றுக்கொண்ட உடல் உணர்வுப் பயிற்சியை ஒரு வாரம் தினமும் செய்யுங்கள். ஒரு மாதத்தில் தவிர்ப்பு பெருகிக்கொண்டே போனால் சிகிச்சையாளரை மீண்டும் பாருங்கள். பழைய குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது, பெரும்பாலும் சில அமர்வுகளே போதும்.